பத்தும் அடியும் சேவையும்: திருவந்திபுரத்தில் காதில் விழுந்த சொற்கள்

கடலூரிலிருந்து மேற்கே ஐந்தாறு கிலோமீட்டர் போனால் ஊர் வந்துவிடும். டவுன் பஸ்ஸின் நெற்றியில் ‘திருவந்திபுரம்’ என்று இருக்கும். உற்சவப் பத்திரிகையில் அதே ஊர் ‘திருவஹீந்திரபுரம்’ ஆகிவிடும். திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழியிலோ அது ‘திருவயிந்திரபுரம்’. அஹி என்றால் பாம்பு. அஹீந்திரன் என்றால் பாம்புகளுக்கு அரசனான ஆதிசேஷன். ஊர் ஒன்றுதான். சொல்கிற வாயைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

பெயருக்கு நேர்ந்தது, அங்கே வருகிறவர்கள் செய்யும் காரியத்துக்கும் நேர்ந்திருக்கிறது. முகூர்த்த நாளில் போனால் தெரியும். கோயிலைச் சுற்றி எங்கு பார்த்தாலும் கல்யாணக் கூட்டம். பட்டுப்புடவையும் வியர்வையுமாக நிற்கும் பெண் வீட்டு அம்மா, “ஒரு எட்டு சாமி கும்பிட்டுட்டு வந்துடறோம்” என்கிறார். நெற்றியில் திருமண் இட்ட பெரியவர் இன்னொருவரிடம், “பெருமாளை நன்னா சேவிச்சேளா?” என்று கேட்கிறார். ஓர் இளைஞர் கைபேசியில், “தரிசனம் முடிஞ்சுது, கூட்டம் கம்மிதான்” என்று தகவல் சொல்கிறார். சேஷ தீர்த்தக் கிணற்றுப் பக்கம் உப்பு, மிளகு, வெல்லத்தோடு நிற்பவரைக் கேட்டால், “வேண்டுதல்” என்று ஒரே சொல்லில் பதில். இத்தனை பேரில் ஒருவர் வாயிலும் ‘பக்தி’ என்ற சொல் வரவில்லை. அந்தச் சொல் இருந்த இடம் அறிவிப்புப் பலகை: ‘பக்தர்கள் வரிசையில் செல்லவும்’.

இந்தக் கட்டுரையின் கேள்வி அங்கேதான் பிறக்கிறது. தமிழர்கள் கடவுளிடம் வைத்திருக்கும் உறவுக்குப் பக்தி என்பதை இன்று பொதுப்பெயராக வைத்திருக்கிறோம். நூல்கள் அப்படி எழுதுகின்றன, பாடத்திட்டம் அப்படிச் சொல்கிறது, அரசாணையும் அப்படியே. ஆனால் அந்த உறவில் இருப்பவர்கள் தங்கள் செயலுக்கு வைத்திருக்கும் சொற்கள் வேறு. கும்பிடு, தொழு, சேவி, அடியேன், தொண்டு, அடைக்கலம், படையல், நோன்பு என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் பெரும்பாலானவை மனத்தின் நிலையைச் சொல்வதைவிட, கையும் காலும் தலையும் வயிறும் என்ன செய்கின்றன என்பதையே சொல்கின்றன. செயலை விட்டுப் பிரிந்த சொல்லுக்கு என்ன ஆகிறது என்பதும் இதோடு சேர்ந்த கதை.

சோறும் பங்கும்

முதலில் அறிவிப்புப் பலகைச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். பக்தி என்பது ‘பஜ்’ என்ற வடமொழி வேரிலிருந்து வருவது. பங்கிடுதல், பங்கு பெறுதல், பங்கில் சேர்தல் என்பன அதன் பொருள்கள். பாகம் என்பதும் அந்த வேர்தான். ஆகவே பக்தியும் பாகப்பிரிவினையும் உடன்பிறப்புகள். பங்கிட்டுக் கொடுத்தது ‘பக்தம்’, அதாவது சோறு. வட இந்தியாவில் சோற்றுக்கு இன்றும் வழங்கும் ‘பாத்’ இதிலிருந்து வந்ததே.

பாணினியின் இலக்கணத்தில் பக்தி பற்றிய சூத்திரங்கள் உண்டு. ஒருவனுக்கு எதன்மேல் பக்தியோ அதை வைத்து அவனுக்குப் பெயர் அமைப்பது எப்படி என்று அவை சொல்கின்றன. வாசுதேவனிடமும் அருச்சுனனிடமும் பக்தி உள்ளவர்களுக்கு அங்கே தனி விதி இருக்கிறது. அதே இடத்துக்குக் காசிகை உரை தரும் எடுத்துக்காட்டுகளைப் பார்த்தால் சிரிப்பு வரும்: அபூபம் என்ற அப்பத்தின்மேல் பக்தி உள்ளவன் ஆபூபிகன், பாயசத்தின்மேல் பக்தி உள்ளவன் பாயசிகன். இலக்கணக்காரருக்கு அப்பமும் ஆண்டவனும் ஒரே விதித் தொகுதிக்குள் வந்திருக்கின்றன. பக்தி என்பது ஒன்றில் பங்குகொள்வது. அது பந்தியாகவும் இருக்கலாம், கோயிலாகவும் இருக்கலாம். தமிழ்ப் பக்தி இலக்கியம் பற்றி 1999இல் நூல் எழுதிய அமெரிக்க ஆய்வாளர் கரேன் பிரென்டிஸ், பக்தியை வெறும் ஈடுபாட்டு உணர்வாக மொழிபெயர்க்கக் கூடாது, பங்கேற்பு என்றே கொள்ள வேண்டும் என்று வாதிட்டார். வேரைப் பார்த்தால் அவர் சொல்வது பொருந்துகிறது.

தமிழுக்குள் வந்ததும் இந்தச் சொல் ‘பத்தி’ ஆயிற்று, பத்தர் ஆயிற்று. திருவாய்மொழியின் முதற்பத்தில் மூன்றாம் பதிகம் ‘பத்து’ என்ற சொல்லோடு தொடங்குகிறது. உரைகாரர்கள் அதற்குப் பக்தி என்று பொருள் எழுதினார்கள். வைணவ வீட்டுச் சமையலறைக்குள் போனால் அங்கே இன்னொரு பத்து இருக்கிறது. சோறு ஒட்டிய ஏனம் ‘பத்துப் பாத்திரம்’. சோற்றைத் தொட்ட கையோடு ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் ‘பத்து’ என்று பாட்டி அதட்டுவாள். இதைப் பற்று என்பதன் பேச்சு வடிவமாகவும் கொள்ளலாம், சோறு என்ற பொருளுள்ள பக்தத்திலிருந்து வந்ததாகவும் கொள்ளலாம். இரண்டாவது வழியே சரி என்றால், ஆழ்வாரின் பத்தும் பாட்டியின் பத்தும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

எழுத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு தொல்லையும் இருந்தது. பத்தி என்றால் வரிசை, உரைநடையின் ஒரு பகுதி, ஊதுபத்தி. இத்தனை பத்திகளுக்கு நடுவில் கடவுள் பத்தி தனித்துத் தெரிய ககர ஒற்று தேவைப்பட்டதோ என்னவோ, ‘பக்தி’ நிலைத்தது. பிறகு அது கோயிலைத் தாண்டியும் போயிற்று. 1917இல் திரு.வி.க. ஆசிரியராக இருந்து நடத்திய நாளிதழின் பெயர் ‘தேசபக்தன்’. வெள்ளையர் ஆட்சியை ஆதரித்தவர்களுக்கு ராஜபக்தி. இன்று நெற்றி நிறையத் திருநீறோடு அலுவலகம் வருகிறவரை நண்பர்கள் ‘பக்திப் பழம்’ என்று சீண்டுகிறார்கள். பொதுப்பெயர் ஆனால் கேலிக்கும் பொதுவாகிவிடும் போலும்.

அடி

தமிழில் இந்த உறவைச் சொல்ல உடம்பின் கடைசி உறுப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். திருக்குறளின் கடவுள் வாழ்த்தில் பக்தி என்ற சொல் கிடையாது. பத்துக் குறளில் ஏழு குறள் அடியையோ தாளையோ பேசுகின்றன. அடியிலிருந்து அடியார் வந்தார், அடியேன் வந்தான், அடிகள் வந்தார், அடிமையும் வந்தான். மதிப்பின் உச்சியில் இருக்கும் இளங்கோவடிகளும், விலைக்கு வாங்கப்பட்ட மனிதனும் ஒரே வேரில் நிற்கிறார்கள்.

இது வெறும் உருவகம் என்று தள்ள முடியாது. பண்ருட்டிப் பக்கத்தில் மணம்தவிர்ந்தபுத்தூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. சுந்தரர் கல்யாணம் நின்றுபோன ஊர் என்பதைப் பெயரே சொல்லும். பெரியபுராணம் சொல்லும் கதை தெரிந்ததுதான்: கல்யாணப் பந்தலுக்குள் ஒரு முதியவர் வந்து, இந்தப் பையன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஆளோலை இருக்கிறது என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. கிழித்தது படிதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று முதியவர் எடுத்துக் கொடுக்கிறார். பாட்டனின் வேறு கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பொருந்துகிறது. சுந்தரர் தோற்கிறார். வந்தவர் சிவபெருமான் என்பது பிறகுதான் தெரிகிறது.

சேக்கிழார் இதை எழுதியது 12ஆம் நூற்றாண்டில். சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் அந்த நூலுக்கு அவர் வைத்த பெயர் திருத்தொண்டர் புராணம். கேட்டவர்களுக்கு ஆளோலை என்பது புராணச் சரக்காக இருந்திருக்காது. 1201இல், பஞ்சத்தில் அடிபட்ட ஒரு வேளாளர் தம்மையும் தம் இரண்டு பெண்களையும் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றதைத் திருப்பாம்புரம் கல்வெட்டு சொல்கிறது. ஆட்கொள்ளுதல், ஆட்படுதல், அடிமை என்ற சொற்கள் பாட்டில் இனித்த காலத்தில், தெருவில் அவற்றுக்கு விலை இருந்தது. அடியார்கள் அந்தச் சொல்லை எடுத்துத் தலைகீழாக்கினார்கள்: மனிதனுக்கு அடிமையாகாதவன் என்று காட்டிக்கொள்ளக் கடவுளுக்கு அடிமை என்றார்கள். சுந்தரரின் திருத்தொண்டத்தொகை தில்லைவாழ் அந்தணரில் தொடங்கி ஒவ்வோர் அடியாருக்கும் தம்மை அடியவராக்கிக்கொண்டே போகிறது. அந்தப் பட்டியலில் குயவரும் மீனவரும் வண்ணாரும் உண்டு.

திருவந்திபுரத்தில் இன்றும் ‘அடியேன்’ உயிரோடு இருக்கிறது. மடத்துக்காரர்களும் ஆசாரமுள்ள வைணவர்களும் தொலைபேசியை எடுத்ததும் சொல்லும் முதல் சொல் அதுதான். ‘நான்’ என்பதற்குப் பதில் ‘அடியேன்’, ‘நீங்கள்’ என்பதற்குப் பதில் ‘தேவரீர்’. பேச்சில் தன்னை முன்னிறுத்தாமல் இருக்கும் பயிற்சி. ஆனால் சொல்கிறவர் குரலில் பணிவு இல்லாவிட்டால் அதைப் போல உறுத்துகிற சொல்லும் வேறில்லை.

அடிக்கு நேர்ந்த பெரிய வீழ்ச்சி ஒன்று இருக்கிறது. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் தேவரடியார் என்றால் தேவரின் அடியார். கோயில் பெண்களைப் பற்றிய கல்வெட்டுகளை ஆராய்ந்த லெஸ்லி ஓர், 2000இல் வெளியான தம் நூலில், அவர்கள் பெரும்பாலும் கோயிலுக்குக் கொடை கொடுத்தவர்களாகவே பதிவாகியிருப்பதைக் காட்டினார். பின்னால் வந்த நூற்றாண்டுகளில் அந்தப் பெண்களின் நிலை சரிந்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் 1947இல் சட்டம் போட்டு நிறுத்தியது. சட்டம் வழக்கத்தைத்தான் நிறுத்தியது. சொல்லோ சந்துபொந்தெல்லாம் வசையாக ஒலித்துக்கொண்டிருக்கிறது. அடியார் என்று அதில் பாதி இருப்பதை ஏசுகிறவனும் அறியான், கேட்கிறவளும் அறியாள்.

சுமையை இறக்கி வைத்தவர்

திருவந்திபுரத்தின் சொல்வளத்துக்குப் பெரிய காரணம் வேதாந்த தேசிகர். 1268இல் காஞ்சிபுரத்துத் தூப்புலில் பிறந்து 1369 வரை வாழ்ந்தவர். அதில் பல ஆண்டுகளை இந்த ஊரில் கழித்தார். ஔஷதகிரி என்ற சின்ன மலையில் கருடனையும் ஹயக்ரீவரையும் உபாசித்தார் என்பது மரபு. ஊருக்குள் அவர் பெயரால் ஒரு திருமாளிகை இருக்கிறது. அங்குள்ள கிணற்றை அவரே தம் கையால் கட்டினார் என்கிறார்கள். எல்லாக் கலையும் அறிந்தவர் என்று பட்டம் வாங்கினால் போதுமா, ஒரு கிணறு கட்ட வருமா என்று ஒரு கொத்தனார் கேட்டாராம், கோணல்மாணலான செங்கற்களைக் கொடுத்தாராம், தேசிகர் கட்டிக் காட்டினாராம். உண்மையோ கதையோ, தத்துவாசிரியரின் கையில் கரணையைக் கொடுத்துப் பார்த்த ஊர் இது.

இவ்வூர்ப் பெருமாளான தெய்வநாயகனை அவர் மூன்று மொழிகளில் பாடினார். வடமொழியில் தேவநாயக பஞ்சாசத், பிராகிருதத்தில் அச்யுத சதகம், தமிழில் மும்மணிக்கோவையும் நவரத்தினமாலையும். மும்மணிக்கோவையில் இன்று கிடைப்பது பத்துப் பாட்டுதான். பந்து, கழல், அம்மானை, ஊசல், ஏசல் என்று பெண்களின் விளையாட்டுப் பாட்டு வகைகளிலும் அவர் பாடியிருக்கிறார். அவை நமக்குக் கிடைக்கவில்லை. பிராகிருதத்தை ஏன் எடுத்தார் என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. வடமொழி நாடகங்களில் பெண்கள் பேசும் மொழி பிராகிருதம். அச்யுத சதகத்தில் தேசிகர் நாயகியின் குரலில் ஏங்குகிறார். தர்க்கத்தில் சிங்கம் என்று பேர் எடுத்தவருக்குக் காதலைச் சொல்ல வேறு மொழி தேவைப்பட்டிருக்கிறது. இந்த மும்மொழிப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்த ஸ்டீவன் ஹாப்கின்ஸ் 2007இல் அவற்றைத் தனி நூலாகவே கொண்டுவந்தார்.

தேசிகரின் நடுவான சொல் பிரபத்தி. சரணாகதி என்றும் நியாசம் என்றும் அதற்குப் பெயர். வீட்டு வழக்கில் ‘பரந்யாசம்’, ‘பரசமர்ப்பணம்’. பரம் என்றால் சுமை. நியாசம் என்றால் வைத்தல். தலைச்சுமையை இறக்கி வைப்பதுதான் பரந்யாசம். நம் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் உண்டு. இரண்டு நிறுத்துக் கல், மேலே ஒரு படுக்கைக் கல். தலைச்சுமையோடு நடப்பவர் யார் துணையும் இல்லாமல் இறக்கி வைத்து இளைப்பாற, தோள் உயரத்துக்குக் கட்டியது. வேதாந்தத்தின் உச்சிச் சொல்லுக்கு அந்தக் கல்தான் படம். தேசிகரைப் பின்பற்றும் வடகலை வீடுகளில், ‘அவருக்குப் பரந்யாசம் ஆயிடுத்தா?’ என்று கேட்பது, ஆசாரியர் வழியாக அந்தச் சடங்கு நடந்துவிட்டதா என்று கேட்பதாகும். தாய்க்குரங்கைக் குட்டி பற்றிக்கொள்வது போல நாம் பற்ற வேண்டுமா, தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொள்வது போல அவன் பார்த்துக்கொள்வானா என்று வடகலையும் தென்கலையும் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியதும் இந்தச் சொல்லை வைத்துத்தான். வாதத்திலும் பாருங்கள், பற்றுகிற கையும் கவ்வுகிற வாயும்தான் பேச்சு.

தமிழில் தேசிகர் இதற்கு எடுத்த சொல் அடைக்கலம். அடைக்கலப்பத்து என்றே ஒரு பாடல் தொகுதி பாடினார். அந்தச் சொல் அவருக்குப் பல நூற்றாண்டு மூத்தது. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு அடைக்கலக் காதை என்று பெயர். சமணத் துறவி, இடைக்குலப் பெண், வழியில் வந்த தம்பதி என்று மூன்று தரப்பு. அவர்களுக்கு நடுவில் ஒரு சொல். பின்னால் கிறித்தவர்கள் பிள்ளைகளுக்கு அடைக்கலம் என்று பேர் வைத்தார்கள். போருக்குத் தப்பிக் கடல் கடந்து வந்தவர்களுக்கும் அதே சொல்தான். அது எங்கு போனாலும் மரியாதை குறையவில்லை.

சரணாகதிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இன்றைய நாளிதழில் ‘சரண்’ வரும் இடம் பெரும்பாலும் குற்றச் செய்திப் பக்கம்: கொலை வழக்கில் தேடப்பட்டவர் நீதிமன்றத்தில் சரண். தேசிகர் சரணாகதிக்கு உறுப்பாகச் சொன்ன மகாவிசுவாசம், கிறித்தவத்தில் விசுவாசமும் விசுவாசியும் ஆயிற்று. வீட்டில் நாயின் குணம் ஆயிற்று. கட்சியில் தலைமையிடம் காட்ட வேண்டியதாயிற்று. 2019 பொங்கலுக்குத் திரைப்படப் பெயரும் ஆயிற்று. இவையெல்லாம் இந்தக் காலத்துக் கோளாறு என்று எண்ண வேண்டாம். தேசிகர் பிறப்பதற்கு முன்பே, 1231ஆம் ஆண்டு வாக்கில், இதே திருவந்திபுரம் கோயிலில் ஒரு கல்வெட்டு வெட்டினார்கள். கோப்பெருஞ்சிங்கன் சிறைப்பிடித்த மூன்றாம் இராசராச சோழனைப் போசள நரசிம்மனின் தளபதிகள் மீட்டதைச் சொல்லும் கல்வெட்டு அது. சோழநாட்டை மறுபடி நிலைநிறுத்தியவன் என்று போசளன் சூடிக்கொண்ட பட்டத்தில் இருப்பது பிரதிஷ்டை என்ற கோயில் சொல். தெய்வத்துக்கு உரிய சொல்லை அரசியல் கடன் வாங்குவது எண்ணூறு ஆண்டுப் பழக்கம்.

ஒரே இடத்தில் நின்று இரண்டு சொல்

சிதம்பரம் நடராசர் கோயிலில் ஓர் இடம் உண்டு. அங்கே நின்றால் சிற்சபையில் ஆடும் நடராசரும் தெரிவார், பக்கத்துச் சந்நிதியில் பள்ளிகொண்ட கோவிந்தராசரும் தெரிவார். தலையைச் சற்றே திருப்பினால் போதும். ஆனால் முதலாவதற்குப் பெயர் தரிசனம், இரண்டாவதற்குப் பெயர் சேவை. மார்கழித் திருவாதிரையில் சைவருக்கு ஆருத்ரா தரிசனம். வைணவருக்கு வீதியில் வருவது கருட சேவை.

தரிசனம் என்றால் காண்பது. சேவை என்றால் ஊழியம் செய்வது. வைணவர் பார்ப்பதையே பணிவிடையாகச் சொல்லிவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. விழுந்து வணங்குவது சேவித்தல், பிரபந்தம் ஓதுவதும் சேவித்தல். நாயன்மார் பாடிய ஊரைச் சைவர் வழக்கில் பாடல் பெற்ற தலம் என்போம். ஆழ்வார் பாடியது வைணவருக்கு மங்களாசாசனம். பெருமாளுக்கு யார் கண்ணும் பட்டுவிடக் கூடாது, நன்றாக இருக்க வேண்டும் என்று அடியவன் வாழ்த்துவது. பச்சைக் குழந்தையைப் பார்க்கப் போன பாட்டியின் மனநிலை அது. பரிவு என்று உரைகாரர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இந்தப் பரிவு அடுப்படி வரை வந்துவிட்டது. வைணவ வீட்டில் சமையல் இல்லை, தளிகை. ரசம் சாற்றமுது, பொரியல் கறியமுது, பாயசம் திருக்கண்ணமுது. பெருமாள் சாப்பிட மாட்டார், அமுது செய்வார். புறப்பட மாட்டார், எழுந்தருளுவார். குளிக்க மாட்டார், திருமஞ்சனம் கண்டருளுவார். வெளியாருக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். சொல்கிறவளுக்கு, தான் கிளறும் சோறு வேறொருவருக்குப் போகிறது என்ற நினைப்பைக் கரண்டி வைக்கும்வரை கலையாமல் வைத்திருக்கும் ஏற்பாடு.

சேவை வெளியே போனதும் வேறு வேலைக்குச் சேர்ந்தது. சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையம். கைங்கரியம் இன்னும் மோசமாகச் சறுக்கியது. ‘என்ன செய்யட்டும்?’ என்று கேட்டு நிற்பவன் கிங்கரன். அவன் செய்வது கைங்கரியம். கோயிலில் பூ கட்டுவதும் தீர்த்தம் எடுத்து வருவதும் கைங்கரியம். தெருவிலோ, பைப் உடைந்து கிடந்தால், “இது யாரோட கைங்கரியம்?” எமனுக்கும் கிங்கரர்கள் இருப்பதால், இந்தச் சொல்லுக்குப் பழைய பயம் ஒன்று ஒட்டியே இருந்திருக்க வேண்டும்.

தொண்டு இதைவிடக் கௌரவமாக வாழ்கிறது. அதற்கு இந்த மண்ணில் ஓர் ஆயுதம் சாட்சி. பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையில் சைவத்துக்குத் திரும்பிய நாவுக்கரசரின் சிலை எந்தக் கோயிலிலும் கையில் உழவாரப்படையோடு நிற்கும். பிராகாரத்துப் புல்லைச் செதுக்கும் கருவி. பாட்டுப் பாடியவரின் அடையாளமாக ஏட்டைக் கொடுக்காமல் புல்வெட்டியைக் கொடுத்தார்கள். இன்று உழவாரப்பணி என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் குழுக்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. கட்சிக்காரனும் தொண்டன்தான், அரசு சாரா அமைப்பும் தொண்டு நிறுவனம்தான். ஆனாலும் உழைப்பு என்ற பொருள் இன்னும் உதிராததால் சொல் கெடவில்லை.

பரங்கிப்பேட்டையில் தொழுகை

தொழு என்பது சங்கப் பாட்டிலேயே இருக்கும் சொல். பிறை தொழுதார்கள், தெய்வம் தொழுதார்கள். இன்று அதை நாள் தவறாமல் வாயில் வைத்திருப்பவர் யார் என்று தேடினால், சிதம்பரத்துக்குக் கிழக்கே பரங்கிப்பேட்டைக்குப் போக வேண்டும். “லுஹர் தொழுதாச்சா?” என்று கேட்கும் முஸ்லிம் வீடுகளில் ஐந்து வேளையும் அந்தச் சொல் புழங்குகிறது. இந்துக்கள் கும்பிடப் போய்விட்டார்கள். தொழுகை என்றாலே இன்று எல்லாருக்கும் பள்ளிவாசல்தான் நினைவுக்கு வருகிறது.

பள்ளிவாசலின் பள்ளிக்கும் ஒரு முன்கதை உண்டு. சமணரும் பௌத்தரும் தங்கிய இடம் பள்ளி. இந்தக் கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் அப்படிப் பெயர்பெற்ற சமண மையம். 458இல் லோகவிபாகம் என்ற நூல் இங்கே எழுதி முடிக்கப்பட்டதாக அந்நூலே சொல்கிறது. நாவுக்கரசர் தருமசேனராக இருந்ததும் இங்கேதான் என்பது சைவ மரபு. நோன்பு என்பதும் துறவிகள் பெரிதும் போற்றிய சொல். மார்கழியில் பாவை நோன்பு, மாசி முடிவில் காரடையான் நோன்பு, ரமலானில் நோன்புக் கஞ்சி. பசியை ஆளும் செயல் ஒன்றாக இருப்பதால், மதம் மாறினாலும் சொல்லை மாற்ற வேண்டியிருக்கவில்லை. கிறித்தவர்கள் ஊழியம் என்ற சொல்லை எடுத்தார்கள். ஒருகாலத்தில் கட்டாய உழைப்புக்கும் வழங்கிய சொல் அது. சுந்தரர் கூட்டம் அடிமைக்குச் செய்ததை இவர்கள் ஊழியத்துக்குச் செய்தார்கள்.

ஒரு சொல்லுக்காக ஒரு வழக்கு

சொல்லில் என்ன இருக்கிறது என்பவர்களுக்குக் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தைக் காட்டலாம். சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார் இராமலிங்கரின் பாடல்களை, அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் 1867இல் ‘திருவருட்பா’ என்ற பெயரில் வெளியிட்டார். பகுதிகளுக்குத் திருமுறை என்று பெயர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்கு அது பொறுக்கவில்லை. தேவாரமும் திருவாசகமும்தான் அருட்பா, நேற்றுப் பாடியதை அப்படிச் சொல்வதா என்று 1869இல் ‘போலியருட்பா மறுப்பு’ எழுதினார். வாய்ச்சண்டை சிதம்பரத்தில் முற்றியது. நாவலர் மஞ்சக்குப்பத்தில் மானநட்ட வழக்குத் தொடர்ந்தார்.

வழக்கு முடிந்தது. சண்டை இரண்டு தலைமுறைக்கு ஓயவில்லை. நாவலர் பக்கம் நா. கதிரைவேற்பிள்ளை பேசினார். வள்ளலார் பக்கம் நின்று மேடைதோறும் அருட்பாதான் என்று நிறுவியவர்களில் ஒருவர் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர், இஸ்லாமியப் புலவர். இருதரப்புக் கண்டனங்களையும் ப. சரவணன் தேடித் தொகுத்தபோது அது தலையணை அளவு நூலாயிற்று. அருள் என்ற சொல்லைத் தொட யாருக்கு உரிமை என்பதே அத்தனை பக்கமும்.

அதே 1867இல், மே மாதம், வள்ளலார் வடலூரில் தருமசாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். வந்தவர்க்கெல்லாம் சோறு. சீவகாருண்யமே வழிபாடு என்றார். அருட்பா என்று சொல்லலாமா கூடாதா என்று அறிஞர்கள் அடித்துக்கொண்டிருந்தபோது அங்கே உலை கொதித்துக்கொண்டிருந்தது. பக்தம் என்றால் பங்கிட்ட சோறு என்று வேர் தேடிப் போனவர்கள் வந்து பார்க்க வேண்டிய இடம் அது.

தொகுக்க வேண்டியவை

மனத்தைச் சொல்லும் பக்திச் சொற்கள் தமிழில் இல்லவே இல்லையா என்று கேட்கலாம். காதல், அன்பு, வேட்கை எல்லாம் ஆழ்வாரும் நாயன்மாரும் அள்ளி இறைத்தவைதான். ஆனால் அவற்றையும் உருகுதல், கசிதல், மயிர் கூச்செறிதல் என்று உடம்பின் வழியாகவே அவர்கள் சொன்னார்கள். உடம்பு ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்வரை சொல்லுக்கு உயிர் இருக்கிறது என்பதே இந்தச் சொற்களைப் புரட்டிப் பார்த்ததில் கிடைக்கும் முடிவு. தொழுகையும் நோன்பும் தொண்டும் கெடாமல் நிற்கின்றன. அவற்றுக்குரிய வேலை நடக்கிறது. தேவரடியாரும் தெருவுக்கு வந்த கைங்கரியமும் கெட்டன. வேலை போய்ப் பெயர் மட்டும் தங்கியது.

ஆகவே ‘பக்தி’ என்று ஒரே குடையின்கீழ் எல்லாவற்றையும் எழுதி முடிக்கும்போது நாம் இழப்பது அதிகம். கடலூர், பண்ருட்டி வட்டாரத்து மாரியம்மன் கோயில்களில் ஆடி மாதம் செடல் போடுகிறார்கள், சாகை வார்க்கிறார்கள், காப்புக் கட்டுகிறார்கள். சுவரொட்டியில் இருக்கும் இந்தச் சொற்கள் பக்தி இலக்கியம் பற்றிய நூல்களில் கிடைப்பதில்லை. 1924இல் தொடங்கி 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பேரகராதி பெரும்பாலும் ஏட்டையும் அச்சையும் பார்த்தது. வட்டாரப் பேச்சைக் கேட்டுத் தொகுக்கும் வேலையைக் கரிசலுக்குக் கி. ராஜநாராயணனும், இந்த நடுநாட்டுக்கு விருத்தாசலம் பக்கத்துக் கண்மணி குணசேகரனும் தனிமனிதர்களாகச் செய்து காட்டினார்கள்.

அதே முறையில், வழிபாட்டுச் சொற்களுக்கென்று ஓர் அகராதி வேண்டும். தளிகைச் சொற்கள் தெரிந்த பாட்டிமார், செடல் குத்தும் பூசாரிகள், பள்ளிவாசல் மோதினார்கள், உழவாரக் குழுவினர், உபதேசியார்கள் எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். சொல்லுக்குப் பொருள் கேட்பதோடு, அதைச் சொல்லும்போது கை என்ன செய்கிறது என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளுக்கு இது பெரிய செலவில்லாத வேலை. திருவந்திபுரத்தில் ஒரு முகூர்த்த நாளில் தொடங்கலாம்.